கடல்மேல் விழும் ஒளி: டர்னரின் ஓவியங்களை நெய்தல் கண்ணால் பார்த்தல்

முன்னுரை

ஓவியக் கலை என்றவுடன் தமிழ் மாணவர்களாகிய நமக்குச் சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரிய கோயிலும் நினைவுக்கு வருகின்றன. மேலை நாட்டு ஓவியம் என்றால் மோனலிசாவோடு நின்றுவிடுகிறோம். தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் வரைதல் படித்திருக்கிறேன். ஆனால் ஓர் ஓவியத்தை எவ்வாறு வாசிப்பது என்று தமிழில் எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதற்கு வேண்டிய கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பதை இக்கட்டுரையின் வழி எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

எடுத்துக்கொண்ட ஓவியர் ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். இவர் 1775ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தார். பதினான்காம் வயதில் அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். 1796இல் அவர் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்த எண்ணெய் வண்ண ஓவியமே கடலைப் பற்றியதுதான். நிலவொளியில் அலையோடு போராடும் மீனவர்களை அதில் வரைந்திருந்தார். 1851இல் மறையும் வரை கடலையும் அதன்மேல் விழும் ஒளியையும் அவர் விடவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களுக்கு அவர் முகம் பழக்கமானது. 2020இல் வெளிவந்த இருபது பவுண்டு நோட்டில் அவரும் அவரது கப்பல் ஓவியமும் இடம்பெற்றுள்ளனர்.

நீரில் நடப்பது என்ன?

ஓவியத்துக்குள் செல்லும் முன் இயற்கையை அறிந்துகொள்வது நலம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கடலில் ஒரு பொன்னிறப் பாதை நம் காலடி வரை நீண்டு வருவதைப் பார்த்திருப்போம். நீர் முற்றிலும் அசைவற்றிருந்தால் அங்கே பாதை தோன்றாது. கண்ணாடியில் தெரிவதுபோல் ஒற்றைச் சூரிய வட்டமே தெரியும். கடலில் எப்போதும் சிற்றலைகள் உண்டு. ஒவ்வோர் அலையின் சரிவும் ஒரு சிறு கண்ணாடியாகச் செயல்படுகிறது. எந்தச் சரிவு சூரியனின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைகிறதோ அது ஒரு கணம் மின்னி அணைகிறது. இத்தகைய ஆயிரக்கணக்கான மின்னல்களின் தொகுப்பே அந்த ஒளிப்பாதை. காற்று பலமாகி அலைகளின் சரிவு கூடினால் பாதை அகலமாகும்.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. கரையில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேருக்கும் தனித்தனிப் பாதை. பக்கத்தில் நிற்பவரின் பாதையை நம்மால் பார்க்க முடியாது. ஆகவே ஒளிப்பாதையை வரையும் ஓவியர், பார்ப்பவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்.

நீரைச் செங்குத்தாகப் பார்த்தால் அதில் விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே திரும்புகிறது. மிக மிகச் சாய்வாகப் பார்க்கும்போது ஏறத்தாழ ஒளி முழுதுமே திரும்புகிறது. எனவேதான் காலடியில் கலங்கலாகத் தெரியும் நீர், தொடுவானத்தில் வானத்தின் நிறத்தையே பூசிக்கொள்கிறது. தொடுவானச் சூரியனின் ஒளி, தலைக்கு நேர் மேலே இருக்கும் சூரியனின் ஒளியைவிடச் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் எஞ்சுகின்றன.

வண்ணத்தின் எல்லை

ஓவியரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இயற்கையில் சூரியனுக்கும் நிழலுக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளவிட்டால் எண்கள் மிகப் பெரிதாகும். ஓவியரின் தட்டிலோ வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே சில பத்து மடங்கு வேறுபாடே உண்டு. எந்த வண்ணமும் சூரியனைப்போல் கண்ணைக் கூச வைக்காது. ஆகவே ஒளியைக் கூட்ட முடியாத ஓவியர் மற்றவற்றைத் தணித்தாக வேண்டும்.

டர்னர் கையாண்ட வழிகள் பல. அக்கால ஓவியர்கள் பெரும்பாலும் பழுப்பு நிற அடித்தளத்தின்மேல் வரைந்தனர். நீர்வண்ணத்தில் கைதேர்ந்தவராகிய டர்னர், தாளின் வெண்மை வண்ணத்தின் ஊடே ஒளிர்வதை அறிந்திருந்தார். அந்த அறிவை எண்ணெய் வண்ணத்துக்கும் கொண்டுவந்து, வெள்ளை அடித்தளத்தின்மேல் மெல்லிய வண்ண அடுக்குகளைப் பூசினார். சூரியன் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையையும் மஞ்சளையும் தடிமனாக அப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த குரோம் மஞ்சளை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார். அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. மஞ்சளின் பக்கத்தில் நீலச் சாம்பலை வைத்தார். ஒன்று மற்றொன்றை எடுத்துக் கொடுத்தது. கப்பல், கரை, அலை ஆகியவற்றின் விளிம்புகளைக் கரைத்துவிட்டார். கூசும் ஒளியில் நம் கண்ணும் விளிம்புகளைச் சரியாகப் பார்ப்பதில்லை அல்லவா?

நெய்தல் என்னும் அளவுகோல்

ஓவியம் எவ்வாறு வரையப்பட்டது என்பதை மேலே கண்டோம். அந்த ஒளி எதற்காக என்பது அடுத்த வினா. இதற்கு விடை தேட நான் தொல்காப்பியத்தை நாடுகிறேன்.

தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் உயிர்கள், மரங்கள், தொழில்கள் முதலியன கருப்பொருள். மனித உணர்வே உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. ‘எல்’ என்பது கதிரவன். எற்பாடு என்பதைக் கதிரவன் சாயும் பொழுது எனப் பொதுவாகக் கொள்வர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. தொல்காப்பியத்தில் பொழுது என்பது பின்னணி அலங்காரம் அன்று. அது நிலத்துக்குச் சமமாக முதற்பொருளில் நிற்கிறது. கடல், சாயும் ஒளி, இரங்கல் ஆகிய மூன்றும் ஒரே கட்டில் பிணைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேய ஓவியர் ஒருவர் இந்த இலக்கணத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் இந்த அளவுகோலை அவர் படங்களின்மேல் வைத்துப் பார்த்தால் அவை தெளிவாகப் பேசுகின்றன என்பதே என் கருத்து.

இழுத்துச் செல்லப்படும் கப்பல்

முதலில் 1839இல் காட்சிக்கு வந்த ‘போரிடும் டெமரேர்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இது இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. டெமரேர், 1805இல் டிரபால்கர் கடற்போரில் பங்குகொண்ட 98 பீரங்கிக் கப்பல். 1838 செப்டம்பரில் அதை உடைத்து மரமாக விற்பதற்காகத் தேம்ஸ் ஆற்றின் வழியே இழுத்துச் சென்றனர். டர்னரின் படத்தில் வெளிறிய பேய்போல் பெரிய பாய்மரக் கப்பல் நிற்கிறது. அதன் முன்னே கரும்புகை கக்கும் சிறிய நீராவிப் படகு. வலப்புறத்தில் சூரியன் மறைகிறது. இடப்புறத்தின் மேலே இளம்பிறை.

உண்மையில் அக்கப்பலின் பாய்மரங்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. அதை இழுத்தவை இரண்டு படகுகள். கப்பல் சென்ற திசை மேற்கு. அப்படியானால் மாலைச் சூரியன் அதன் முன்னால் இருக்க வேண்டும். படத்திலோ கப்பல் விட்டு வந்த பக்கத்தில் சூரியன் மறைகிறது. செய்தியாளர் ஒருவர் இவ்வாறு எழுதினால் பிழை எனலாம். டர்னருக்கு வேண்டியது எற்பாடு. கப்பலின் கடைசிப் பயணமும் பகலின் கடைசி ஒளியும் ஒருசேர நிகழ வேண்டும் என்று அவர் பொழுதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். பாய்மரக் காலம் முடிந்து நீராவிக் காலம் தொடங்குவதை ஒரு சொல்லும் இல்லாமல் ஒளியே சொல்லிவிடுகிறது.

அடிமைக் கப்பல்

அடுத்த ஆண்டான 1840இல் டர்னர் காட்சிக்கு வைத்த ஓவியம் இதைவிடக் கடுமையானது. இறந்தோரையும் இறந்துகொண்டிருப்போரையும் அடிமை வணிகர்கள் கடலில் எறிவதும் புயல் நெருங்குவதும் அதன் பொருள். சுருக்கமாக ‘அடிமைக் கப்பல்’ என்பர். இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதன் பின்னணியில் சோங் என்ற கப்பலின் வரலாறு உண்டு. 1781இல் அக்கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். கப்பலின் உரிமையாளர்கள் பின்னர் அவர்களை இழந்த சரக்காகக் காட்டிக் காப்புறுதிப் பணம் கோரினர். 1783இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. கொலை வழக்காக அன்று, காப்புறுதி வழக்காக!

படத்தின் நடுவே சூரியன் ஒரு வெண்மஞ்சள் தூணாக நின்று கடலை இரண்டாகப் பிளக்கிறது. வானம் இரத்தச் சிவப்பு. இடப்புறத்தில் நுரைக்கு நடுவே கப்பல் விலகிப் போகிறது. முதல் பார்வையில் கண்ணைக் கவர்வது அந்த வண்ணக் கோலம்தான். சற்று நின்று பார்த்தால் அலைகளின்மேல் சங்கிலிகளும் கைகளும் தெரிகின்றன. வலப்புறக் கீழ் மூலையில் விலங்கு பூட்டிய ஒரு கால். அதைச் சுற்றி மீன்கள், மேலே கடற்பறவைகள். நம்பியகப்பொருள் நெய்தலுக்குத் தரும் கருப்பொருள் பட்டியலில் கடற்காகமும் சுறாவும் உண்டு. அதே உயிர்கள் இங்கே மனிதரைத் தின்ன வருகின்றன. உரிப்பொருள் இரங்கல். ஆனால் இரங்குவதற்குக் கரையில் தலைவி இல்லை. அந்த இடத்தில் பார்ப்பவர் நிற்கிறார். ஒளிப்பாதை நேரே நம்மை நோக்கி வருகிறது என்பதை மறக்கலாகாது.

இப்படத்தை மிகவும் புகழ்ந்தவர் ஜான் ரஸ்கின் என்ற திறனாய்வாளர். 1843இல் வெளியிட்ட ‘நவீன ஓவியர்கள்’ நூலின் முதல் தொகுதியில், டர்னரின் புகழை ஒரே படத்தின்மேல் நிறுத்தச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்ற பொருளில் எழுதினார். கடலின் நிறத்தையும் அலையின் எழுச்சியையும் விரிவாக வருணித்தார். ஆனால் அது அடிமைக் கப்பல் என்பதையும் கடலில் பிணங்கள் மிதப்பதையும் அடிக்குறிப்பில் வைத்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் தந்தை அப்படத்தையே வாங்கி அவருக்குப் பரிசளித்தார். பின்னாளில் அதன் பொருளைத் தாங்க முடியாமல் ரஸ்கின் அதை விற்றுவிட்டார் என்பர்.

இங்கே ஒரு வாதம் எழுகிறது. இவ்வளவு கொடிய நிகழ்வை இவ்வளவு அழகாக வரையலாமா? அழகு துன்பத்தை மூடிவிடாதா? ரஸ்கினின் அடிக்குறிப்பு அந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் குற்றம் ஒளியின்மேல் அன்று, ஒளியோடு நின்றுவிட்ட பார்வையின்மேல் என்றே நான் கருதுகிறேன். முதற்பொருளைக் கண்டு உரிப்பொருளை விட்டுவிட்டால் பாடலைப் படித்ததாகாது. ஓவியத்துக்கும் அதுவே விதி. மறைக்க நினைத்திருந்தால் டர்னர் இருளில் வரைந்திருக்கலாம். அவரோ சூரியனை நடுவில் வைத்து நிகழ்ந்ததைக் காட்டுகிறார்.

ஒன்பதாம் அலை

ஒப்பீட்டுக்காக மற்றோர் ஓவியரையும் காண்போம். இவான் ஐவசோவ்ஸ்கி 1817இல் கருங்கடலோர நகரமாகிய பியோதோசியாவில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். 1900இல் மறையும்முன் ஏறத்தாழ ஆறாயிரம் ஓவியங்கள் வரைந்தார். அலை நிற்காது, எனவே கடலை நேரில் பார்த்து வரைய இயலாது என்பது அவர் கொள்கை. பார்த்ததை மனத்தில் பதித்துக்கொண்டு அறையில் அமர்ந்து வரைந்தார்.

1850இல் வரைந்த ‘ஒன்பதாம் அலை’ அவரது புகழ்பெற்ற படம். மூன்று மீட்டருக்கும் அதிக அகலமுடைய இது செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் உடைந்த இரவு கழிந்து, முறிந்த பாய்மரத்தைப் பற்றியபடி சிலர் உயிர்பிழைத்திருக்கின்றனர். அலையின் மெல்லிய உச்சியினூடே ஒளி புகுந்து வருவதால் நீர் பச்சைக் கண்ணாடிபோல் ஒளிர்கிறது. இங்கே பொழுது விடியல். பெரிய அலை இன்னும் வரவிருக்கிறது என்றாலும் நம்பிக்கை பிறந்துவிட்டது. நிலம் ஒன்றுதான், பொழுது மாறியதும் உரிப்பொருளும் மாறுவதைக் காண்கிறோம்.

நம் கரையில்

நம் நீரிணையையும் அக்காலத்தவர் வரைந்துள்ளனர். கேப்டன் ராபர்ட் சுமித் என்பவர் 1818 அளவில் பினாங்குக் காட்சிகளை வரைந்தார். அவற்றை வில்லியம் டேனியல் அச்சோவியங்களாக்கி 1821இல் வெளியிட்டார். இந்த டேனியல் தம் சிறிய வயதில் தந்தையின் உடன்பிறந்தவரான தாமஸ் டேனியலோடு தமிழகத்திலும் சுற்றி வரைந்தவர். அமைதியான குன்றுகள், அமைதியான கடல் என அவை கண்ணுக்கு இனியவை.

அதே நூற்றாண்டில் அதே கடலைக் கடந்து நம் முன்னோர் வந்தனர். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே மொரிசியசுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளைப் பெருமளவில் ஏற்றத் தொடங்கினர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்லர், வரலாற்றில் அவ்வேறுபாடு முக்கியம். ஆனால் மேல்தளத்தில் நெருக்கியடித்துப் பல நாள் பயணம் செய்தவர்களைக் கப்பல் கணக்கில் தலைகளாக மட்டும் எண்ணியது நாம் அறிந்ததே. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பல்லாண்டு சுற்றியது. வீட்டுப் பெரியவர்கள் வாயில் அப்பெயர் இன்னும் இருக்கிறது. 1901இல் திறக்கப்பட்ட அத்துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகமாகப் பெயர் மாறியது.

சொல்லால் இக்கடலை வரைந்தவர்கள் நம்மிடம் உண்டு. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ அதற்குச் சான்று. வண்ணத்தால் வரையப்பட்ட நம் கடற்பயணத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

இதில் திசையும் ஒரு செய்தி சொல்கிறது. நாகப்பட்டினம் கிழக்குக் கரை. அங்கே கடலில் சூரியன் எழும், மாலையில் முதுகுப் பக்கம் நிலத்தில் மறையும். கிழக்கு நோக்கிக் கப்பலேறியவர்களுக்கு முன்னால் இருந்தது விடியல். சிலாங்கூர் கரையோ மேற்குப் பார்த்தது. இங்கே சூரியன் கடலில் மறைகிறது. வந்திறங்கியவர்கள் ஊரை நினைத்துக் கடலைப் பார்த்தால் கண்ட பொழுது எற்பாடுதான். ஒளிப்பாதை நீண்டு சென்றதும் அவர்கள் விட்டு வந்த திசைக்கே. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்து பார்க்க ஒரு பயிற்சி

பாடம் ஏட்டோடு நின்றுவிடக்கூடாது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் கிள்ளான் துறைமுக நிலையமே கடைசி. பூலாவ் கெத்தாம் படகுகள் புறப்படும் துறை அருகிலேயே உள்ளது. அகன்ற கடல் வேண்டுமெனில் மோரிப் கடற்கரைக்குப் போகலாம். ஆண்டு முழுதும் இங்கே சூரியன் ஏறத்தாழ மாலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மறைகிறது. அரைமணி நேரம் முன்னதாகச் சென்று கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று, ஒளிப்பாதையின் அகலம் காற்றுக்கேற்ப மாறுகிறதா? இரண்டு, காலடியில் சேற்று நிறமாக இருக்கும் நீர் எவ்வளவு தொலைவில் வான நிறமாகிறது? மூன்று, சூரியனை ஒரு விரலால் மறைத்தால் கப்பலின் விளிம்பு தெளிகிறதா? சூரியன் உயரத்தில் இருக்கும்போது நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு, தொடுவானத்தை நெருங்கும் வரை நீரை மட்டும் பாருங்கள். நான்கு, இருட்ட எவ்வளவு நேரமாகிறது? நிலநடுக்கோட்டின் அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் நமக்கு அந்தி குறுகியது. இங்கிலாந்தில் அது சாய்வாக இறங்குவதால் டர்னருக்கு நீண்ட அந்தி கிடைத்தது. நம்மில் ஓவியர் ஒருவர் தோன்றினால் அவர் விரைவாகப் பார்த்து நினைவில் வைக்கக் கற்க வேண்டும். ஐவசோவ்ஸ்கியின் வழி நமக்கு ஏற்றது எனலாம்.

கரையோரத்தில் நிற்கும் சதுப்பு மரங்களையும் பாருங்கள். நெய்தல் கருப்பொருளில் வரும் கண்டல் அதுதான். நூலில் மனனம் செய்த சொல் கிள்ளான் சேற்றில் வேரூன்றி நிற்கிறது.

முடிவுரை

ஒளி கடலை அழகாக்குவதற்கு மட்டும் அன்று. எந்தப் பொழுதில், யாரைப் பார்க்கச் சொல்கிறது என்பதே அதன் பொருள். டெமரேரில் அது ஒரு காலத்துக்கு விடைகொடுக்கிறது. அடிமைக் கப்பலில் சாட்சி சொல்கிறது. ஒன்பதாம் அலையில் உயிர் தருகிறது. திணை இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று, உலகின் எந்தக் கலையையும் அளந்து பார்க்கத் தக்க கருவி என்பதை இதனால் உணரலாம்.

நம் கழகத்தில் கவிதை எழுதுவோர் பலர் இருக்கின்றனர், நாடகம் போடுவோர் இருக்கின்றனர். தூரிகை பிடிப்போரும் வர வேண்டும். ரஜூலாவின் மேல்தளத்தை, அங்கே நின்றவர்களின் முகத்தில் விழுந்த ஒளியை அவர்கள் வரைய வேண்டும். பயணித்தவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். அந்தக் கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று அவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்வோம். வரலாற்றின் அடிக்குறிப்பில் நம் முன்னோர் தங்கிவிடாமல் காப்பது நம் தலைமுறையின் கடன்.